334-லிருந்து 494 வரை: டெல்லி, நவம்பர் 2024 – மாசு முன்கணிப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை மாலை 4 மணி. டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 334 என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அன்றாட அறிக்கை வருகிறது. வகை 'மிக மோசம்'. நவம்பர் மாதத்தில் டெல்லிக்காரர்களுக்குப் பழகிப்போன எண் அது. மறுநாள் 418. அதற்கடுத்த நாள் 424, பிறகு 396, 417, 441 என்று போய், 18ஆம் தேதி திங்கட்கிழமை 494-ல் வந்து நின்றது. இந்தக் குறியீட்டின் உச்ச வரம்பே 500தான், அதற்கு மேல் எவ்வளவு கெட்டாலும் சொல்ல எண் கிடையாது.

இந்த ஒரு வாரத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. மாசை மூன்று நாள் முன்னதாகவே கணித்துச் சொல்லும் கணினி மாடல், அதை வைத்து முடிவெடுக்கும் காற்றுத் தர மேலாண்மை ஆணையம், ஆணையத்தைக் கேள்வி கேட்ட உச்ச நீதிமன்றம் என மூன்றும் ஒரே வாரத்துக்குள் வந்து போயின, எண்களும் பொதுவெளியில் இருக்கின்றன. இதைப் பற்றிப் பேசியவர்களில் பாதிப்பேர் "மாடல் தோற்றுவிட்டது" என்றார்கள், மீதிப்பேர் "அதிகாரிகள் தூங்கிவிட்டார்கள்" என்றார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. டெல்லிக்கு இருப்பது நல்ல மாடல். அது எப்போது தவறும், எந்தப் பக்கம் தவறும் என்பதும் தெரிந்த விஷயம். அந்தத் தெரிந்த தவறை முடிவெடுக்கும் இடத்தில் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

என்ன மாடல், என்ன செய்கிறது

டெல்லிக்கு முன்கணிப்பு புதிதல்ல. 2010 காமன்வெல்த் போட்டிகளை ஒட்டி புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 'சஃபர்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அப்புறம் 2018 அக்டோபரில் புவி அறிவியல் அமைச்சகம் டெல்லிக்கென்று தனியாக ஒரு முன்னெச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. அதையும் புனே நிறுவனம்தான் உருவாக்கியது. அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையம் கூட நின்றது, இந்திய வானிலைத் துறையும் சேர்ந்துகொண்டது. இன்று செய்திகளில் "அடுத்த மூன்று நாளைக்கு மிக மோசமாகவே நீடிக்கும்" என்று வருவதெல்லாம் பெரும்பாலும் இதன் வாய்ச்சொல்தான்.

இதன் உள்ளே ஓடும் மாடலின் பெயர் டபிள்யூ.ஆர்.எஃப்.-கெம். வானிலையையும் வேதியியலையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்துக் கணக்குப் போடுவது இதன் சிறப்பு. வட இந்தியா முழுவதையும் 10 கிலோமீட்டர் கட்டங்களாகவும், டெல்லிப் பகுதியை 400 மீட்டர் கட்டங்களாகவும் பிரித்துக்கொள்கிறது. 400 மீட்டர் என்றால் என்ன பொருள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டெல்லியின் பரப்பு 1,484 சதுர கிலோமீட்டர், அதற்கு மட்டும் தரைமட்டத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் வேண்டும். அதன்மேல் வானம் வரை அடுக்கடுக்காக அதே எண்ணிக்கை. கட்டம் சிறுத்தால் காலத்தையும் சிறிதாக நறுக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு வெடித்துவிடும். இரண்டு விநாடிக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால், 72 மணிநேரத்துக்கு 1,29,600 தடவை எல்லாக் கட்டங்களிலும் காற்று, வெப்பம், ஈரம், வாயுக்கள், துகள்கள் எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டும். அதுவும் அந்த மூன்று நாள் வருவதற்கு முன்பே முடித்தாக வேண்டும். சூப்பர் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே போதும்.

இப்படி ஓடும் மாடலுக்குத் தீனி மூன்று வகை. நாளைய வானிலை ஒன்று. எங்கிருந்து எவ்வளவு புகை வருகிறது என்ற உமிழ்வுக் கணக்கு இன்னொன்று. இப்போது காற்றில் என்ன இருக்கிறது என்ற தொடக்க நிலை மூன்றாவது. மூன்றிலுமே தவறு நுழையலாம், நுழைகிறது. ஆனால் ஒரே அளவில் அல்ல.

உமிழ்வுக் கணக்கைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். 2018ல் சஃபர் குழு மாணவர்களைத் தெருத்தெருவாக அனுப்பி, வண்டிகளை எண்ணி, அடுப்புகளைக் கேட்டு, டெல்லிக்கு 400 மீட்டர் கட்டங்களில் ஒரு கணக்கைத் தயாரித்து வெளியிட்டது. அருமையான உழைப்பு. ஆனால் ஒரு நகரம் ஐந்தாறு ஆண்டில் வேறு நகரமாகிவிடும். கணக்கைத் தொடர்ந்து புதுப்பிக்காவிட்டால் மாடல் பழைய டெல்லியின் புகையைத்தான் புதிய டெல்லியின் காற்றில் கலக்கும். அது எல்லா நாளும் இருக்கும் பிழை. நவம்பர் 13 அன்று திடீரென்று வந்த தாவலுக்கு அது காரணமில்லை.

பெட்டியின் மூடி

டெல்லியின் குளிர்காலக் காற்றைப் புரிந்துகொள்ள ஒரு பெட்டியைக் கற்பனை செய்துகொண்டால் போதும். தரைதான் அடிப்பலகை, தலைக்கு மேலே இருக்கும் மூடியை வானிலைக்காரர்கள் கலப்பு அடுக்கின் உயரம் என்பார்கள். தரையில் எழும் புகை அந்த மூடி வரைதான் ஏறிக் கலக்க முடியும். கோடைப் பகலில் மூடி இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும், நவம்பர் இரவில் நூறு மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். அடுப்பும் வண்டியும் அதேதான், பெட்டி மட்டும் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

காற்று வீசினால் பெட்டியின் பக்கச்சுவர் வழியாகப் புகை வெளியேறும். மூடியின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் காற்றோட்டக் குறியீடு. டெல்லிக்கான முன்னெச்சரிக்கை அறிக்கையில் இது ஒவ்வொரு நாளும் வரும். விநாடிக்கு 6,000 சதுர மீட்டருக்குக் கீழே குறியீடும், மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே சராசரிக் காற்றும் இருந்தால் மாசு கலைந்து போகச் சாதகமில்லை என்று அதன் அடியிலேயே எழுதியிருப்பார்கள். இதையும் போட்டுப் பார்க்கலாம். மூடி 1,200 மீட்டர், காற்று மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 1.4 மீட்டர் என்று கொண்டால், பெருக்கினால் 1,680 வருகிறது. சாதகமான அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த அறிக்கையைப் படிக்கிறவர்கள் 'மோசம்', 'மிக மோசம்' என்று வகையைக் காட்டும் வண்ணப்பட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் இந்த ஒரு எண்ணையும் பார்க்கப் பழகிக்கொண்டால், நாளைக்கு என்ன ஆகும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

சரி, மூடியைத் தாழ்த்துவது எது? குளிர்ந்த தரை. தரையைச் சூடாக்க வேண்டிய வெயிலை எது தடுக்கிறது? புகையேதான். புகை அடர்ந்தால் வெயில் குறையும், வெயில் குறைந்தால் மூடி ஏறாது, மூடி ஏறாவிட்டால் அதே புகை இன்னும் அடரும். டபிள்யூ.ஆர்.எஃப்.-கெம் போன்ற மாடலில் வானிலையும் வேதியியலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே ஓடுவதால் இந்தச் சுழல் கணக்குக்குள் வந்துவிடுகிறது. வானிலையைத் தனியாக ஓட்டி முடித்துவிட்டு அதன்மேல் புகையைத் தூவும் எளிய மாடல்களில் இது வராது, அதனாலேயே அவை உச்சங்களைக் குறைத்துக் காட்டும்.

நவம்பர் 13 காலை

அன்று காலை நடந்தது பனிமூட்டம். டெல்லியில் அடர்ந்த பனிமூட்டத்தை வழக்கமாக டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும்தான் எதிர்பார்ப்பார்கள், நவம்பர் நடுவில் அப்படி வந்தது பலரும் எதிர்பாராதது. விமான நிலையத்தில் எதிரே இருப்பது தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். மூடி தரைக்கு வந்து, அதற்குள் ஈரமும் சேர்ந்துகொண்டது.

பனிமூட்டத்தைக் கணிப்பது மழையைக் கணிப்பதைவிடக் கஷ்டம் என்று நான் சொன்னால் சிலர் நம்புவதில்லை. மழைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரந்த ஒரு அமைப்பு இருக்கும். பனிமூட்டம் தரையை ஒட்டிய சில பத்து மீட்டருக்குள் பிறப்பது. அந்த அடுக்கில் வெப்பநிலை ஒரு டிகிரி இப்படி அப்படி ஆனால் வரும், இல்லையென்றால் வராது. பஞ்சாப், ஹரியாணாவில் நீர் பாய்ச்சிய வயல்களின் ஈரம் எவ்வளவு, இரவில் காற்று எந்த மணிக்கு முழுதாக நின்றது, தரை எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்யும். இதற்காகவே 2015 குளிர்காலத்திலிருந்து டெல்லி விமான நிலையத்தில் கருவிகளை நட்டு, புனே நிறுவனத்தினர் பனிமூட்டத்தை ஆய்வு செய்துவருகிறார்கள்.

இதில் வேதியியலும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சென்னை ஐ.ஐ.டி.யின் சச்சின் குந்தே தலைமையிலான குழு 2021ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. டெல்லியில் பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள்களின் அளவு, பெய்ஜிங்கைவிடக் குறைவுதான், ஆனால் மூட்டம் மட்டும் ஏன் இவ்வளவு மோசம் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார்கள். விடை குளோரைடு. பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு, காற்றில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து துகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்படி உட்கார்ந்த துகள், ஈரத்தை உறிஞ்சி ஊதிப் பெருக்கிறது. பார்வைத்தூரம் குறைவதில் ஏறக்குறைய பாதிக்கு இதுதான் காரணம் என்றது அந்த ஆய்வு. இப்போது மாடலின் பக்கம் திரும்புங்கள். உமிழ்வுக் கணக்கில் வண்டி இருக்கிறது, ஆலை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. தெருமுனையில் இரவு பத்து மணிக்கு யாரோ கொளுத்தும் குப்பைக் குவியலிலிருந்து எவ்வளவு ஹைட்ரஜன் குளோரைடு வருகிறது என்று எந்தக் கணக்கில் எழுதுவது? எழுதாவிட்டால் மாடலில் அந்தத் துகள் ஊதாது, நகரத்தில் ஊதும்.

செயற்கைக்கோள் பார்க்காத இரண்டு இடங்கள்

மாடலின் தொடக்க நிலையைச் சரிசெய்ய இரண்டு வழிகளைப் பயன்படுத்துகிறார்கள். தரையில் இருக்கும் கண்காணிப்பு நிலையங்கள், டெல்லிக்குள் சுமார் 40, ஒரு வழி. மோடிஸ் என்ற கருவியைச் சுமந்து சுற்றும் செயற்கைக்கோள்கள் இன்னொரு வழி. காற்றுத்தூண் முழுவதிலும் எவ்வளவு தூசும் புகையும் இருக்கிறது என்பதை, ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதை வைத்து மோடிஸ் அளந்து சொல்லும். மாடல் நேற்றுக் கணித்ததையும் இன்று பார்த்ததையும் ஒப்பிட்டு, இடையில் இருக்கும் வித்தியாசத்தை மாடலுக்குள் கலந்து, அங்கிருந்து மறுபடி ஓட்டுகிறார்கள். டெல்லியின் முன்கணிப்பு நன்றாக வந்ததற்கு இந்த ஒட்டுவேலை முக்கியமான காரணம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் மேகத்துக்கும் பனிமூட்டத்துக்கும் கீழே மோடிஸ் பார்க்க முடியாது. சில சமயம் மிக அடர்ந்த புகையையே மேகம் என்று நினைத்துத் தள்ளிவிடும். அதாவது எந்த நாளில் திருத்தம் அதிகம் தேவையோ அந்த நாளில் மேலிருந்து வரும் திருத்தம் நின்றுபோகிறது. நவம்பர் 13 போன்ற ஒரு நாளில் மாடல் முந்தைய நாளின் நினைவையும் தரை நிலையங்களையும் மட்டும் நம்பி ஓட வேண்டியிருக்கும்.

இரண்டாவது இடம் வயல். நெல் அறுத்த பிறகு நிற்கும் அடித்தாளை பஞ்சாப், ஹரியாணாவில் கொளுத்துவது எல்லோருக்கும் தெரியும். ஏன் நவம்பரில் போய்க் குவிகிறது என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. நிலத்தடி நீரைக் காக்க 2009ல் பஞ்சாப் அரசு சட்டம் கொண்டுவந்து நாற்று நடுவதை ஜூன் மாதத்துக்குத் தள்ளியது. நடவு தள்ளியதால் அறுவடை தள்ளியது, அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே மிச்சமிருந்த நாட்கள் சுருங்கின. மீதிக்கு நெருப்பே வழி என்றாகிவிட்டது, அதுவும் சரியாகக் காற்று அடங்கும் பருவத்தில். நீரைக் காப்பாற்றப் போய்க் காற்றில் வந்து முட்டியது. விவசாயியைக் குறை சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த நெருப்புகளை மாடலுக்குச் சொல்வது மோடிஸ், வி.ஐ.ஐ.ஆர்.எஸ். என்ற கருவிகள். இவை இருக்கும் செயற்கைக்கோள்கள் ஒரு வயலுக்கு மேலே பகலில் முக்கியமாக ஒன்றரை மணி வாக்கில் கடக்கும். 2024ல் தென் கொரியாவின் புவிநிலைச் செயற்கைக்கோள், ஒரே இடத்தில் நின்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் வகை, வேறொரு கதையைக் காட்டியது. ஒன்றரை மணிக்குப் பிறகு, பிற்பகலில், நெருப்பு அதிகமாகிறது. மேலே கடந்துபோகும் நேரத்தைத் தவிர்த்துக் கொளுத்துகிறார்கள் என்று ஒரு தரப்பு சொன்னது, அன்றாட வேலையின் போக்கு என்று இன்னொரு தரப்பு. காரணம் எதுவானாலும் மாடலுக்கு நேர்வது ஒன்றுதான்: அது எண்ணிய நெருப்பைவிட வயலில் எரிந்தது அதிகம். பிற்பகலில் எழும் புகை, மூடி இறங்குவதற்குச் சற்று முன் காற்றில் ஏறி, இரவோடு இரவாக டெல்லிக்கு வந்து சேர்கிறது. எண்ணப்படாத நெருப்பு எப்போதும் ஒரே திசையில்தான் பிழை தரும், கணிப்பு குறையும்.

ஒரு சின்ன விலகல் இங்கே. எல்லாப் பிழையும் பக்கத்து வயலிலிருந்து வருவதில்லை. 2017 நவம்பரில் டெல்லி மூச்சுத் திணறிய வாரத்தில், வளைகுடாப் பகுதியில் எழுந்த புழுதிப் புயலுக்குப் பெரிய பங்கு உண்டு என்று சஃபர் குழு சொன்னது. மாடலின் எல்லைக்கோட்டில் என்ன நுழைகிறது என்பதை உலகளாவிய இன்னொரு மாடலிலிருந்து வாங்கிக்கொள்ளாவிட்டால், 400 மீட்டர் நுணுக்கம் இருந்தும் அந்தப் புழுதி கண்ணில் படாது.

392-ம் 412-ம்

இப்போது இந்தக் கட்டுரையின் நடுநரம்புக்கு வருகிறேன். பி.எம். 2.5 ஒரு கனமீட்டருக்கு 121 முதல் 250 மைக்ரோகிராம் வரை 'மிக மோசம்', 250-ஐத் தாண்டினால் 'கடுமை'. (உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்ன 24 மணிநேர அளவு 15. இந்தியத் தரநிலை 60. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.) மாடல் நாளைக்கு 240 என்கிறது, உண்மையில் 265 வருகிறது என்று வைப்போம். பிழை பத்து சதவீதத்துக்கும் குறைவு. மாசு முன்கணிப்பில் இது கைதட்ட வேண்டிய துல்லியம். குறியீடாக மாற்றினால் 392-ம் 412-ம். ஆனால் அறிக்கையில் ஒன்று 'மிக மோசம்', இன்னொன்று 'கடுமை'. ஒன்றில் கட்டுமான வேலை நடக்கும், இன்னொன்றில் நிற்கும்.

அதாவது நாம் ஒரு தொடர்ச்சியான அளவை எடுத்து, நடுவில் கோடு கிழித்து, கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மாடலைக் கேட்கிறோம். கோட்டுக்கு அருகே எந்த மாடலும் நாணயம் சுண்டுவது போலத்தான். அதோடு, பனிமூட்டம், குளோரைடு, மாலை நெருப்பு எல்லாமே கணிப்பைக் கீழே இழுக்கும் பிழைகள் என்பதால், இந்த நாணயம் நேரான நாணயமும் இல்லை.

இதைக் காட்ட ஒரு வெளி மதிப்பீடும் இருக்கிறது. சி.இ.இ.டபிள்யூ. என்ற ஆய்வு நிறுவனம் டெல்லியின் முன்னெச்சரிக்கை அமைப்பைக் குளிர்காலவாரியாகச் சரிபார்த்தது. 'மிக மோசம்' அல்லது அதற்கு மேல் போன நாட்களை, 2023-24ல் 92-ல் 83ஐயும் 2024-25ல் 58-ல் 54ஐயும் அமைப்பு முன்கூட்டியே சரியாகச் சொல்லியிருந்தது. 'கடுமை' அல்லது அதற்கு மேல் போன நாட்களை எடுத்தால், 2023-24ல் 15-க்கு 1, 2024-25ல் 14-க்கு 5. முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் பதினான்கில் ஒன்பது தவறிப்போயிற்று. இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் மாடலைப் பற்றித் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். காற்று கெடப்போகிறது என்பதை அது அரிதாகவே விடுகிறது. எவ்வளவு உச்சத்துக்குப் போகும் என்பதைத்தான் விடுகிறது.

சராசரிப் பிழையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. நம்பாவிட்டால் ஒரு சோதனை. மாடல் வேண்டாம், கணினி வேண்டாம். "நேற்று எவ்வளவோ இன்றும் அவ்வளவு" என்று மட்டும் கணிப்போம். நவம்பர் 12 முதல் 19 வரையிலான எண்கள் 334, 418, 424, 396, 417, 441, 494, 460. நம் சோம்பேறிக் கணிப்பின் பிழைகள் முறையே 84, 6, 28, 21, 24, 53, 34. கூட்டினால் 250, ஏழு நாளுக்குச் சராசரி 36-க்குச் சற்றுக் குறைவு. எண்ணைப் பார்த்தால் ஒன்றும் மோசமில்லை! ஆனால் அந்த ஏழில் மிகப் பெரிய இரண்டு பிழைகள் எந்த நாட்களில் விழுந்தன என்று பாருங்கள். 400-ஐத் தாண்டிய 13ஆம் தேதியும் 450-ஐத் தாண்டிய 18ஆம் தேதியும். முடிவெடுக்க வேண்டியிருந்த இரண்டே நாட்களில் அது கைவிட்டது, மற்ற நாட்களில் அழகாக இருந்து சராசரியைக் காப்பாற்றிவிட்டது. அதனால்தான் எந்த மாடலைப் பற்றி யார் பெருமையாகப் பேசினாலும் நான் முதலில் கேட்பது சராசரிப் பிழையை அல்ல, தாவிய நாட்களில் என்ன செய்தது என்பதைத்தான்.

காத்திருந்த நாட்கள்

டெல்லியில் 'கிராப்' என்ற படிநிலைச் செயல்திட்டம் 2017 முதல் இருக்கிறது. காற்று கெடக் கெட நான்கு நிலைகளாகக் கட்டுப்பாடுகள் ஏறும். 2024 நவம்பரில் இருந்த விதிப்படி, குறியீடு 401-ஐத் தொட்டால் மூன்றாம் நிலை, 450-ஐத் தாண்டினால் நான்காவது. ஆரம்பத்தில் மாசு வந்து நிலைத்த பிறகே நடவடிக்கை என்று இருந்தது. 2022ல் காற்றுத் தர மேலாண்மை ஆணையம் இதைத் திருத்தி, முன்கணிப்பை வைத்துக் குறைந்தது மூன்று நாள் முன்னதாகவே மேல் நிலைகளை அமலாக்க வேண்டும் என்று எழுதியது. காகிதத்தில் இது மிக நல்ல மாற்றம், மாசு முன்கணிப்புக்கு இந்தியாவில் கிடைத்த மிகப் பெரிய மரியாதையும் அதுதான்.

2024ல் நடந்ததைப் பாருங்கள். 13ஆம் தேதி குறியீடு 418. பனிமூட்டத்தால் வந்த தற்காலிக ஏற்றம், குறையும் என்று வானிலை முன்கணிப்பு சொல்கிறது என்று கருதி ஆணையத்தின் துணைக்குழு அன்று மூன்றாம் நிலையை அறிவிக்கவில்லை. 14ஆம் தேதி 424. அன்றுதான் அறிவிப்பு, அதுவும் 15ஆம் தேதி காலை 8 மணியிலிருந்து அமல். 17ஆம் தேதி மாலை 4 மணிக்கு 441, 5 மணிக்கு 447, 6 மணிக்கு 452, 7 மணிக்கு 457. அவசரமாகக் கூடி நான்காம் நிலையை அறிவித்தார்கள், 18ஆம் தேதி காலை 8 மணி முதல். அன்று 494. அதே நாள் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மசிஹ் அமர்வு, குறியீடு குறையும் என்று காத்திருந்து எப்படி இந்த ஆபத்தை மேற்கொள்ளலாம் என்று கேட்டது. 450-க்குக் கீழே இறங்கினாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் நான்காம் நிலையைத் தளர்த்தக் கூடாது என்றும் உத்தரவிட்டது.

மாலை 4 மணி எண்ணைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அது அந்த நேரத்துக் காற்று அல்ல, முந்தைய 24 மணிநேரத்தின் சராசரி. 4, 5, 6, 7 என்று மணிக்கு மணி ஐந்தைந்தாக 24 மணிநேரச் சராசரி ஏறுகிறது என்றால், நேற்று இதே நேரத்தில் இருந்த காற்றைவிட இப்போது இருக்கும் காற்று வெகு தூரம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். 441 என்ற எண் திரையில் வரும்போது தெருவில் நடப்பவர் சுவாசிப்பது 441 அல்ல. சராசரியைப் பார்த்துக் காத்திருப்பது, காய்ச்சல் தலைக்கேறிய குழந்தைக்கு நேற்றிலிருந்து எடுத்த வெப்பநிலையின் சராசரியைப் பார்த்துவிட்டுப் பொறுப்பது போல.

ஆணையத்தின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். நான்காம் நிலை என்றால் லாரிகள் நிற்கும், கட்டுமானம் முழுதாக நிற்கும், அன்றாடக் கூலிக்காரரின் அடுப்பு அணையும், பள்ளிகள் இணையத்துக்கு மாறும், வீட்டில் ஒரு போன் மட்டும் இருக்கும் குழந்தைக்குப் பாடம் தவறிப்போகும். தேவையில்லாமல் அதை அழுத்துவதும் ஒரு தீங்குதான். ஆனால் அதற்காக மாடலின் நடு எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும்போது புயல் இங்கேதான் கரையைக் கடக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகா ஏற்றுகிறார்கள்? வாய்ப்பும் வந்தால் ஆகும் சேதமும் சேர்ந்துதான் கூண்டின் எண்ணைத் தீர்மானிக்கிறது. மாசுக்கு மட்டும் நாம் உறுதியைக் கேட்டுக் காத்திருக்கிறோம். 'மிக மோசம்' என்று மாடல் சொன்ன நாட்களில் எத்தனையில் உண்மை 'கடுமை'க்குத் தாவியது என்று பழைய பதிவுகளை எண்ணினாலே வாய்ப்பு கிடைத்துவிடும். அதோடு காற்றோட்டக் குறியீடும், பனிமூட்டத்துக்கான அறிகுறியும், முந்தைய நாள் நெருப்பும் சேர்த்துப் பிரித்து எண்ணினால் இன்னும் கூர்மையாகும். புதிய சூப்பர் கம்ப்யூட்டர் எதுவும் இதற்குத் தேவையில்லை.

ஒரே மாடலை மட்டும் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஃபின்லாந்து வானிலை நிறுவனத்தின் சிலாம் மாடலை இந்திய வானிலைத் துறை ஓட்டுகிறது, ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் சேவை உலகம் முழுமைக்கும் ஐந்து நாள் கணிப்பைத் தருகிறது. சுமார் 40 கிலோமீட்டர் கட்டங்கள்தான், தெருவைப் பார்க்காது, ஆனால் சமவெளி முழுக்க மாசு தேங்கப் போகிறதா என்பதை நன்றாகவே பார்க்கும். மூன்று மாடல்களும் ஒத்துப்போனால் ஒரு தைரியம், பிரிந்துபோனால் அந்தப் பிரிவே ஒரு தகவல். பொதுமக்களுக்குப் போகும் அறிக்கையில் அந்தப் பிரிவைக் காட்ட வேண்டும், மறைக்கக் கூடாது.

2025 நவம்பரில் ஆணையம் கிராப் திட்டத்தை மறுபடி மாற்றி, மேல் நிலைகளில் இருந்த பல நடவடிக்கைகளை ஒரு நிலை கீழே இறக்கியது. அதாவது முன்பு நான்கில் செய்ததில் சிலவற்றை இனி மூன்றிலேயே செய்யலாம். மாடல் உச்சத்தைக் குறைத்துச் சொல்லும் என்றால் கோட்டைக் கீழே இறக்குவதும் ஒரு வழிதான், நான் அதை வரவேற்கிறேன். ஆனால் மூன்றாம் நிலையை எப்போது அழுத்துவது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது, அதற்கு வண்ணப்பட்டையால் பதில் சொல்ல முடியாது. நான் கேட்பது ஒரே ஒரு வரி. 2024 நவம்பர் 12 மாலை அறிக்கையில் 'மிக மோசம்' என்பதற்குப் பக்கத்தில், "இதுபோன்ற நிலைமையில் முன்பு பத்து நாளில் இத்தனை நாள் கடுமைக்குப் போயிருக்கிறது" என்று அந்த எண்ணோடு ஒரு வரி இருந்திருக்க வேண்டும். 13ஆம் தேதி கூடிய துணைக்குழுவின் மேசையிலும் அந்த வரி இருந்திருக்க வேண்டும்.